யார் பக்கம் நிற்கிறாய்?

அன்புள்ள நிலா,

வரும் ஞாயிறு ஃப்ரீமாண்டில் முதல்முறையாகத் தனியாக ஓப்பன் ஹவுஸ் நடத்தப்போகிறாய் என்று அண்ணன் சொன்னார். உன் மெசேஜையும் படித்தேன். "உள்ளே வர்ற எல்லார்கிட்டயும் பையர் அக்ரிமென்ட்ல கையெழுத்து வாங்கணுமா அத்தை? ஆபீஸ்ல ஆளுக்கொண்ணு சொல்றாங்க" என்று கேட்டிருக்கிறாய். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன்.

வாங்க வேண்டாம். ஓப்பன் ஹவுஸ் நடக்கிற நேரம் முழுவதும் நீ விற்பவரின் ஆள். வருகிறவருக்கு அறை அறையாகக் காட்டினாலும் அது விற்பவருக்காக நீ செய்யும் வேலைதான். வாங்குபவருக்காக வேலை செய்கிற ஏஜென்ட் மட்டுமே, அவரோடு ஒரு வீட்டுக்குள் நுழைவதற்கு முன் எழுத்தில் ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும். வீடியோ காலில் நேரலையாக வீட்டைக் காட்டினாலும் அதே விதி. ஓப்பன் ஹவுஸில் உன்னோடு நின்று பேசுவதற்கோ, நீ எப்படி வேலை செய்வாய் என்று விசாரிப்பதற்கோ ஒருவர் எதிலும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால், எந்த இடத்தில் காகிதத்தை எடுக்க வேண்டும் என்பது தானாகப் பிடிபடும். முன்பெல்லாம் விற்பவர் தன் ஏஜென்ட்டுக்கு ஒரு கமிஷன் ஒப்புக்கொள்வார். அதில் வாங்குபவரின் ஏஜென்ட்டுக்கு எத்தனை சதவீதம் என்பது ஏஜென்ட்டுகள் பகிர்ந்துகொள்ளும் எம்.எல்.எஸ். பட்டியலிலேயே இருக்கும். அதனால் வாங்குபவர்களுக்கு ஏஜென்ட் இலவசம் என்ற எண்ணம் ஊறிப்போயிருந்தது. "உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை" என்று ஏஜென்ட்டுகளே சொல்லிச் சொல்லி வளர்த்த எண்ணம் அது. மிசௌரி மாநிலத்தில் வீடு விற்றவர்கள் இந்தக் கமிஷன் முறையை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2023 அக்டோபர் 31 அன்று கான்சாஸ் சிட்டியில் ஜூரி அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இழப்பீடு ஏறத்தாழ 178 கோடி டாலர். பிரதிவாதிகளில் ஒன்றாக இருந்த தேசிய ரியல்ட்டர் சங்கமான என்.ஏ.ஆர். 2024 மார்ச்சில் 41.8 கோடி டாலர் தருவதாகச் சமரசத்துக்கு வந்தது. அந்தச் சமரசத்தின்படி 2024 ஆகஸ்ட் 17 முதல் எம்.எல்.எஸ்.ஸில் வாங்குபவர் ஏஜென்ட்டின் பங்கைப் போடக் கூடாது. வாங்குபவர் தன் ஏஜென்ட்டுக்கு எவ்வளவு தருவார் என்பதை வீடு பார்ப்பதற்கு முன்பே இருவரும் எழுதிக்கொள்ள வேண்டும். நம் கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஏபி 2992 என்ற சட்டமும் சேர்ந்துகொண்டது. தனிநபரோடு போடும் ஒப்பந்தம் 3 மாதத்துக்கு மேல் போகக் கூடாது; தானாக நீளவும் கூடாது. நீட்டிக்க வேண்டுமானால் மறுபடி எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

ஆக, இந்தக் காகிதங்கள் எல்லாம் இருப்பது, நீ யாருக்காக வேலை செய்கிறாய், அதற்கு யார் எவ்வளவு தருகிறார் என்பது வாங்குபவருக்கு முன்கூட்டியே தெரியவேண்டும் என்பதற்காக. நம் ஆட்களிடம் இது மற்றவர்களைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

யோசித்துப் பார். லிவர்மோர் கோயிலில் பார்த்த முகம், தமிழ்ப் பள்ளி வாசலில் காரில் காத்திருக்கும் அப்பா, யாரோ ஒருவரின் கொலுவில் சுண்டல் வாங்கிக்கொண்ட அக்கா. இவர்கள்தான் ஞாயிற்றுக்கிழமை உன் வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள். நீ தமிழில் "வாங்க" என்றதும் அவர்கள் தோள் தளர்வதை நீயே பார்ப்பாய். ஐந்து நிமிடத்தில் நீ தங்கச்சி ஆகிவிடுவாய். பத்து நிமிடத்தில், "உண்மையைச் சொல்லும்மா, இந்த விலைக்கு இது தகுமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரும் கூட இருந்தால் இன்னும் சிக்கல். நம் ஊரில் ஒரே தரகர் இரண்டு பக்கமும் பேசி இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குவது சகஜம் என்பதால், நீயும் இரண்டு பக்கத்துக்கும் பொதுவானவள் என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஆனால் நீ பொதுவானவள் இல்லை. அன்றைக்கு நீ எதிர்ப்பக்கம்.

இன்னொன்றும் நடக்கும். சமையலறையில் கணவனும் மனைவியும் தமிழில் பேசிக்கொள்வார்கள். "ஒண்ணு அறுபது வரைக்கும் போலாம், அதுக்கு மேல லோன் வராது." நீ ஹாலில் நிற்கிறாய், உன்னை அவர்கள் வடக்கத்திக்காரி என்று நினைத்திருக்கலாம். காதில் விழுந்துவிட்டால் உனக்கு நல்ல வழி எதுவும் மிச்சம் இல்லை. விற்பவருக்குத் தெரிந்தால் பயன்படும் செய்தியை அவரிடமிருந்து மறைத்தால், உன் கடமையில் தவறுகிறாய். சொன்னால், தங்கள் மொழி தங்களுக்குக் காவல் என்று நம்பிய இருவரின் பேரம் பேசும் பலத்தை நீ எடுத்துக் கொடுத்துவிடுகிறாய். இந்த இக்கட்டு வராமல் தடுக்க ஒரே இடம் வாசல்தான். தமிழர் என்று தெரிந்தால், முதல் வாக்கியத்தைத் தமிழில் பேசு. பிறகு தயங்காமல் சொல்லிவிடு: "வாங்க, நல்லா சுத்திப் பாருங்க. நான் இந்த வீட்டை விக்கிறவங்க சார்பா இருக்கேன். அதனால உங்க பட்ஜெட், எவ்வளவு வரைக்கும் போவீங்க, இதெல்லாம் எங்கிட்ட சொல்ல வேண்டாம். வீட்டைப் பத்தி என்ன வேணும்னாலும் கேளுங்க." இதைச் சொன்னால் வந்தவர் முகம் சுளிப்பார் என்று நீ பயப்படலாம். என் அனுபவத்தில், இதைக் கேட்ட பிறகுதான் மனிதர்கள் நம்மை நம்பத் தொடங்குகிறார்கள். ஆறு மாதம் கழித்து அவர்களே கூப்பிடுவார்கள்.

வாயால் சொன்னதைக் காகிதத்திலும் வைத்துக்கொள். கலிஃபோர்னியா ரியல்ட்டர் சங்கத்தில் இதற்கென்றே ஒரு படிவம் இருக்கிறது: ஓப்பன் ஹவுஸ் விசிட்டர் நான்-ஏஜென்சி டிஸ்க்ளோஷர் அண்ட் சைன்-இன். வருகையாளர் பதிவேடும், 'இங்கே நிற்கும் ஏஜென்ட் என் ஏஜென்ட் அல்ல' என்ற ஒப்புதலும் ஒரே தாளில். பெயர் எழுத மறுப்பவரிடம் மல்லுக்கட்டாதே; ஆனால் விற்பவர், பெயர் பதியாத யாரையும் உள்ளே விட வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அதை மரியாதையாகத் தெரிவித்துவிடு. அவர் வீடு, அவர் நகையும் மருந்தும் இருக்கும் அலமாரி. போன் நம்பரை வாங்கும்போது, எதற்காக அழைப்பாய் என்று சொல்லி வாங்கு. நம்பர் கிடைத்ததே என்று திங்கள் காலை ஏழு மணிக்கு வாட்ஸ்அப்பில் பத்து வீட்டின் லிங்கை அனுப்புகிறவர்களைப் போல் நடந்துகொள்ளாதே.

பெயர் எழுதும்போதே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "உங்களுக்கு ஏஜென்ட் இருக்காங்களா? அவங்களோட அக்ரிமென்ட் போட்டிருக்கீங்களா?" இது மரியாதைக்காக மட்டும் கேட்பதல்ல. என்.ஏ.ஆர். நெறிமுறையின் 16-வது விதி இன்னொருவரின் கிளையன்ட்டை இழுப்பதைத் தடுக்கிறது. ஆஃபர் எழுதித் தருவது, சந்தை விலை ஒப்பீடு போட்டுத் தருவது போன்ற உருப்படியான சேவை எதையும் தொடங்குவதற்கு முன், அவர் வேறு யாரோடாவது பிரத்தியேக ஒப்பந்தத்தில் இருக்கிறாரா என்று கேட்டே ஆக வேண்டும். "இருக்காங்க, ஆனா அவங்க சரியா போன் எடுக்கிறதில்லை" என்பார்கள். அந்த இடத்தில் வாயைத் திறக்காதே. அந்த ஏஜென்ட்டைப் பற்றி ஒரு சொல் குறைவாகப் பேசாதே. அவர் பெயரைக் குறித்துக்கொள், வீட்டின் நிலையை விவரிக்கும் டிஸ்க்ளோஷர் பேக்கேஜ் வேண்டுமானால் அவர் மூலமாக அனுப்பு. இரண்டு ஏஜென்ட்டோடு கையெழுத்துப் போட்டவர் இரண்டு பேருக்கும் கமிஷன் கொடுக்க வேண்டிய நிலை வரலாம். அந்தக் குடும்பத்தை அதில் மாட்டிவிடும் ஆளாக நீ இருக்கக் கூடாது.

ஏஜென்ட் யாரும் இல்லை, உன்னைப் பிடித்திருக்கிறது, "இந்த வீடு சரிவரலை, பக்கத்துல நெவார்க்ல ஒண்ணு பார்த்தோம், நீங்க காட்டறீங்களா?" என்று கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள். கோடு அங்கேதான் இருக்கிறது. அந்த நொடி வரை நீ விற்பவரின் ஆள். நெவார்க் வீட்டின் கதவைத் திறக்கும்போது நீ வாங்குபவரின் ஆள். அதற்கு முன் இரண்டு காகிதம். முதலில் ஏஜென்சி டிஸ்க்ளோஷர், ஏஜென்ட் யாருக்கு என்ன கடமைப்பட்டவர் என்பதை விளக்கும் சட்டப்படியான தாள். அடுத்து ஒப்பந்தம். ஆபீஸில் பி.ஆர்.பி.சி. என்று சொல்வது முழு ஒப்பந்தம். ஒன்றிரண்டு வீடு மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்கிறோம் என்பவர்களுக்குச் சிறிய ஒப்பந்தமும் உண்டு. கல்யாணத்துக்கு முன் பெண் பார்க்க வருவதுபோல்தான் இது, முதல் நாளே மூன்று மாதத்துக்குக் கட்டிப்போட வேண்டும் என்று இல்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம் குறுகிய காலத்துக்கும் குறிப்பிட்ட வீடுகளுக்கும் மட்டும் எழுதி வாங்குவதே எனக்குச் சரியாகப் படுகிறது. உன் ஆபீஸ் மேனேஜர் வேறு மாதிரி சொல்லலாம்.

இதை ஓப்பன் ஹவுஸ் மேசையில், பின்னால் நான்கு பேர் காத்திருக்கும்போது, ஐபேடை நீட்டி "இங்க ஒரு சைன் போட்டுடுங்க" என்று செய்யாதே. அடுத்த நாள் காபி குடித்துக்கொண்டே அரை மணி நேரம் உட்கார். படிவம் ஆங்கிலத்தில் இருக்கும். கணவர் வேகமாகப் படித்துவிட்டு மனைவியிடம் "எல்லாம் ஃபார்மாலிட்டி" என்பார். நீ விடாதே. கையெழுத்துப் போடும் இருவருக்கும் தமிழில் சொல். முக்கியமாகக் கட்டணத்தை. ஒப்பந்தத்தில் தொகை திட்டவட்டமாக இருக்க வேண்டும்: சதவீதமோ, மொத்தத் தொகையோ, மணிக் கணக்கோ. "விற்பவர் எவ்வளவு கொடுக்கிறாரோ அவ்வளவு" என்று எழுத முடியாது. எழுதியதற்கு மேல் எந்தப் பக்கத்திலிருந்தும் நீ ஒரு டாலர்கூட வாங்க முடியாது. கட்டணம் பேசித் தீர்மானிக்கக் கூடியது, சட்டம் நிர்ணயித்தது இல்லை என்ற வாசகம் கண்ணில் படும்படி இருக்கும்; அதை விரலால் காட்டு.

கணக்கையும் போட்டுக் காட்டு. 15 லட்சம் டாலர் வீடு, உனக்கு 2.5 சதவீதம் என்று எழுதினால் 37,500 டாலர். அதை விற்பவர் தரும்படி ஆஃபரிலேயே கேட்கலாம், பலர் இன்னமும் தருகிறார்கள். அவர் 2 சதவீதம்தான் தருவேன் என்றால் 30,000 வந்துவிடும். மீதி 7,500 வாங்குபவரின் கையிலிருந்து போக வேண்டும், அல்லது நீ விட்டுக்கொடுக்க வேண்டும். இந்த 7,500 பற்றிய பேச்சு முதல் நாளே நடந்துவிட்டால் யாருக்கும் வருத்தமில்லை. எஸ்க்ரோ முடிந்து வீடு கைமாறுகிற வாரத்தில் நடந்தால், அந்தக் குடும்பம் உன்னைப் பற்றி பே ஏரியா முழுக்கப் பேசும், அவர்கள் பேசுவது நியாயமாகவும் இருக்கும்.

நம்மவர்கள் கட்டாயம் "ரிபேட் எவ்வளவு?" என்று கேட்பார்கள். கலிஃபோர்னியாவில் ஏஜென்ட் தன் கமிஷனிலிருந்து வாங்குபவருக்குத் திருப்பித் தருவது சட்டத்துக்கு உட்பட்டதே. கேட்டதற்காகக் கோபப்படாதே, அவர்கள் வாழ்நாளில் செய்யும் மிகப் பெரிய செலவு இது. தருவதாக இருந்தால் புரோக்கரிடம் கேட்டு, எழுத்தில் போட்டு, லோன் கொடுப்பவருக்கும் தெரியும்படி கொடு. தர முடியாது என்றால் முடியாது என்று அன்றைக்கே சொல்.

இனி, கவனமாகப் படிக்க வேண்டியது. அவர்கள் பார்த்து மயங்கியது நெவார்க் வீடு இல்லை, நீ நிற்கும் அதே வீடுதான் என்றால்? "நீங்களே ஆஃபர் எழுதிடுங்க, ஒரு கமிஷன் மிச்சம், விலையிலயும் குறைச்சுக் கேக்கலாம்" என்பார்கள். அந்த லிஸ்டிங் உன்னுடையது இல்லை, மூத்த ஏஜென்ட்டுடையது என்பதால் நீ வாங்குபவர் பக்கம் தாராளமாகப் போகலாம் என்று ஆபீஸில் யாராவது சொல்லக்கூடும். ஆனால் நீங்கள் இருவரும் ஒரே புரோக்கரின் கீழ் இருப்பதால் அது டூயல் ஏஜென்சி, அதாவது ஒரே புரோக்கர் இரு தரப்புக்கும் வேலை செய்வது. இதில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2016-இல் சொன்ன ஹோரிகே வழக்கின் தீர்ப்பை நீ படித்தே ஆக வேண்டும். 2007-இல் மாலிபுவில் 1.225 கோடி டாலருக்கு ஒரு மாளிகை விற்பனையானது. விற்றவரின் ஏஜென்ட்டும் வாங்கியவரின் ஏஜென்ட்டும் கோல்ட்வெல் பேங்கரின் வெவ்வேறு அலுவலகங்களில் இருந்தவர்கள். விளம்பரத் தாளில் வாழும் பரப்பு ஏறத்தாழ 15,000 சதுர அடி என்று இருந்தது. கட்டட அனுமதிப் பத்திரத்தில் அதைவிட வெகுவாகக் குறைவு. வாங்கியவர் வழக்குப் போட்டார். புரோக்கர் இரு தரப்புக்கும் கடமைப்பட்டவர் என்றால், அவருக்குக் கீழே விற்பவருக்காக வேலை செய்த ஏஜென்ட்டும் வாங்கியவருக்கு அதே கடமை உள்ளவர்தான் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. நீ ஞாயிற்றுக்கிழமை மேசையில் அடுக்கி வைக்கும் தாளில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் இப்படி ஒரு கனம் இருக்கிறது. இரு தரப்பும் விவரம் அறிந்து எழுத்தில் சம்மதித்தால் டூயல் ஏஜென்சி இங்கே சட்டத்துக்கு உட்பட்டது. எனக்கு அது பிடிக்காது. ஒருவரின் குறைந்தபட்ச விலையையும் மற்றவரின் அதிகபட்ச விலையையும் ஒரே மனத்தில் வைத்துக்கொண்டு இருவருக்கும் உண்மையாக இருப்பது மனிதரால் ஆகிற காரியமா என்று எனக்குச் சந்தேகம். முதல் ஒரு வருஷமாவது, உன் ஓப்பன் ஹவுஸுக்கு வந்தவர் அதே வீட்டை வாங்க விரும்பினால், வேறு ஆபீஸிலிருந்து சொந்தமாக ஒரு ஏஜென்ட்டை வைத்துக்கொள்ளச் சொல். கமிஷன் போகும், போகட்டும்.

இனி, வருகிறவர்கள் உன்னிடம் கேட்கும் கேள்விகளுக்கு வருகிறேன். "இந்தத் தெருவுல நம்ம ஆளுங்க இருக்காங்களா?" என்று உன்னிடம் எத்தனை பேர் கேட்பார்கள் என்று எண்ணி மாளாது. கேட்பவரிடம் குற்றமில்லை, அம்மாவுக்குப் பேச்சுத் துணை வேண்டும், பிள்ளைக்கு விளையாட ஆள் வேண்டும். ஆனால் நீ பதில் சொல்லக் கூடாது. 1968-இன் ஃபேர் ஹவுசிங் சட்டம் இனம், நிறம், மதம், பூர்வீக நாடு ஆகியவற்றின் பெயரால் ஒருவரை ஒரு பகுதிக்குத் தள்ளுவதையோ ஒரு பகுதியிலிருந்து விலக்குவதையோ தடுக்கிறது. பாலினமும் உடற்குறைபாடும் குழந்தைகள் உள்ள குடும்பம் என்பதும் பின்னர் சேர்ந்தன. இது பழங்கதை என்று நினைக்காதே. நியூஸ்டே நாளிதழ் லாங் ஐலண்டில் மூன்று வருஷம் மறைகேமராவோடு ஆட்களை அனுப்பிச் சோதித்து 2019 நவம்பரில் வெளியிட்டது. கறுப்பினத்தவரை அனுப்பிய சோதனைகளில் 49 சதவீதத்திலும், ஹிஸ்பானியரை அனுப்பியவற்றில் 39 சதவீதத்திலும், ஆசியரை அனுப்பியவற்றில் 19 சதவீதத்திலும் ஏஜென்ட்டுகள் வேறுபாடு காட்டியதற்குச் சான்று கிடைத்தது. இந்த மாநிலத்திலேயே 1913-இன் அந்நியர் நிலச் சட்டம், குடியுரிமை பெறத் தகுதியில்லாத ஆசியர் விவசாய நிலம் வாங்குவதைத் தடுத்தது. இந்தியர்களும் அதில் சிக்கினார்கள். 1952-இல்தான் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. நாம் வெளியே நிறுத்தப்பட்டிருந்த வாசல் இது. அதே வாசலில் நின்று, நம்மவருக்கு ஒரு பதிலும் அடுத்து வருகிற மெக்சிகோக்காரக் குடும்பத்துக்கு வேறு பதிலும் நீ சொல்லக் கூடாது. "அதை நான் சொல்லக் கூடாதுங்க அக்கா, சாயங்காலம் ஒரு தடவை வந்து தெருவுல நடந்து பாருங்க" என்று சொல். ஸ்கூல் நல்லதா என்று கேட்டாலும் உன் கருத்தைச் சொல்லாதே. எந்தப் பள்ளியின் எல்லை என்பதை ஃப்ரீமாண்ட் பள்ளி மாவட்டத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளச் சொல். மிஷன் சான் ஹோசே பள்ளி எல்லைக்காக விலை எப்படி ஏறுகிறது என்பது உனக்கே தெரியும். எல்லை மாறினால் உன் வாக்கு பொய்யாகும்.

"இங்க யாராவது இறந்திருக்காங்களா?" இதையும் நம்மவர் கேட்பார்கள். மூன்று வருஷத்துக்கு முந்தைய மரணத்தைத் தானாக முன்வந்து சொல்ல வேண்டிய கடமை இங்கே இல்லை. ஆனால் நேராகக் கேட்டால் பொய் சொல்லக் கூடாது. சனிக்கிழமையே லிஸ்டிங் ஏஜென்ட்டிடம் கேட்டு வைத்துக்கொள். "வேற ஆஃபர் வந்திருக்கா?" என்பதற்கு, விற்பவர் அனுமதித்திருந்தால் மட்டும் பதில். "ஏன் விக்கிறாங்க?" என்றால், விற்பவர் சொல்லச் சொன்னது மட்டும், விவாகரத்தோ வேலை போனதோ உன் வாயிலிருந்து வரக் கூடாது. கிழக்குப் பார்த்த வாசலா என்று கேட்டால் கூகுள் மேப்பை நம்பிச் சொல்லாதே, அவர்கள் கையிலேயே காம்பஸ் இருக்கும், அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். கூரைக்கு எத்தனை வயது, பின்னால் கட்டிய அறைக்குப் பெர்மிட் உண்டா என்பவற்றுக்கு டிஸ்க்ளோஷரில் உள்ளதைச் சொல். இல்லாததற்கு, "தெரியலை, கேட்டுச் சொல்றேன்". சொன்னபடி அன்று இரவே கேட்டுச் சொல்.

மற்றவை சின்ன விஷயங்கள். அரை மணி முன்னால் போய் எல்லா விளக்கையும் போடு. ஊதுவத்தி வேண்டாம், ஆஸ்துமாக்காரர்கள் வருவார்கள். ஆட்களின் பின்னாலேயே போகாதே. சட்டையையும் காரையும் பார்த்து யாரையும் எடைபோடாதே. முடிந்ததும் பின்கதவைத் தாழிட்டாயா என்று இரண்டு முறை பார். வந்தவர்கள் சொன்ன குறைகளை, விலை அதிகம் என்பது உட்பட, விற்பவரின் ஏஜென்ட்டுக்கு அன்றே எழுதி அனுப்பு; அன்றைக்கு உன் எஜமானர் விற்பவர்தான்.

சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன். பி.ஆர்.பி.சி.யின் கட்டணப் பகுதியை எனக்குத் தமிழில் விளக்கிக் காட்டு. நான் முதல்முறை வீடு வாங்க வந்தவளாக உட்கார்ந்து, புரியும் வரை கேள்வி கேட்பேன்.

அன்புடன்,
அத்தை